உப்பு தின்ற பிணங்கள்

நான் ஓர் அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நைட் ட்யூட்டியில் விபத்தோ பிரசவமோ வராத இரவுகளும் உண்டு. ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து வெப்பநிலையைக் குறித்துவிட்டு, விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தூக்கத்தை விரட்டத்தான் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊர் நூலகத்தின் ஆங்கில அலமாரியில் யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்த ஒரு தடித்த புத்தகம் முதலில் கையில் மாட்டியது. பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'.

அதற்கப்புறம் பதினோரு வருஷமாக, ரத்தம் குடிக்கிறவர்களையும் செத்த பின்னும் நடக்கிறவர்களையும் பற்றிய நாவல்களைத் தேடிப் படிக்கிறேன். நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு ஞாயிறு அவற்றைப் பற்றிப் பேசுகிறேன். வட்டம் முப்பது பிரதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கும் சின்ன இதழில் எழுதவும் செய்கிறேன். "ஏன் மேடம், நாள் பூரா பாக்குற ரத்தம் பத்தாதா?" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்பார்கள். இந்த வேலையில் இருப்பதால்தான் இந்தக் கதைகள் என்னைப் பிடித்துக்கொண்டன.

டிராகுலாவில் லூசி என்று ஒரு பெண். நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகிறாள். உடம்பில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று யாருக்கும் புரியவில்லை. வான் ஹெல்சிங் என்ற டாக்டர் வந்து, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் உடம்பிலிருந்து ரத்தம் எடுத்து அவளுக்கு ஏற்றுகிறார். தேறுகிறாள், மறுபடி வெளுக்கிறாள். இரண்டு வாரத்துக்குள் நாலு ஆண்கள் அவளுக்கு ரத்தம் கொடுத்துவிடுகிறார்கள். நான் அதைப் படித்த இரவில், குரூப்பிங் பார்த்து முடித்த டைல் என் மேஜையில் காய்ந்துகொண்டிருந்தது. நீல நிற ஆன்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்டி-பி, நிறமில்லாத ஆன்டி-டி, மூன்றும் ஒவ்வொரு சொட்டு. ரத்தத்தைக் கலந்து டைலை மெல்ல ஆட்டினால், சேராத இடத்தில் செங்காவி மணல் மாதிரி திரித்திரியாகப் பிரியும். மாறின குரூப் ரத்தம் ஏறினால் நோயாளியின் உடம்புக்குள் நடக்கப்போவது அதுதான். நாலு பேர் ரத்தத்தை எதையும் பார்க்காமல் ஏற்றுகிறார்களே என்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

என் முதல் மதிப்புரையில் அந்தக் கோபத்தை அப்படியே எழுதினேன். மருத்துவம் தெரியாமல் எழுதப்பட்ட நாவல் என்றேன். கூடவே இன்னொரு குற்றமும் சொன்னேன்: டிராகுலா லண்டன் பிக்காடில்லி வீதியில் பட்டப்பகலில் நிற்கிறான், வெயில் பட்டால் செத்துப்போக வேண்டியவன் எப்படி நிற்க முடியும், எழுத்தாளர் தன் கதையின் விதியைத் தானே மறந்துவிட்டார் என்று.

வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் 'சார்'. கட்டுரையை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஏம்மா, புக்கு வந்த வருஷத்தைப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

1897. மனித ரத்தத்தில் குரூப் உண்டு என்று கார்ல் லாண்ட்ஸ்டைனர் எழுதியது 1901இல். ரத்தம் உறையாமல் வைக்க சோடியம் சிட்ரேட் பயன்பாட்டுக்கு வந்தது 1914இல். அதற்கு முன்னால் ரத்தத்தைக் கலக்கிக் கலக்கி அதிலிருந்த நாரை எடுத்துவிட்டு ஏற்றுவார்கள். நாவலில் வான் ஹெல்சிங், இந்தப் பையன் ரத்தம் அவ்வளவு சுத்தமானது, நார் எடுக்கவே வேண்டாம் என்கிறார். நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தக் காலத்து மருத்துவம் எந்த அளவுக்குத் தெரிந்திருந்ததோ அந்த அளவுக்கு அவர் தெரிந்துதான் எழுதியிருந்தார். வெயில் விஷயமும் அப்படித்தான். சூரிய ஒளியில் வாம்பயர், அதாவது ரத்தம் குடிக்கிற பிணம், அழிவது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் ஊமைப்படத்தில் காட்டப்பட்டது. நாவலின் டிராகுலா பகலில் சக்தி குறைந்தவன், அவ்வளவுதான். எந்தக் காலத்திலோ டிவியில் பார்த்த படங்களை மனசில் வைத்துக்கொண்டு, புத்தகத்தில் இல்லாத விதியைப் புத்தகம் மீறிவிட்டதாக நான் எழுதியிருந்தேன்.

அடுத்த இதழில் திருத்தம் எழுதினேன். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த நாவலாக இருந்தாலும் முதலில் வெளிவந்த வருஷத்தைக் குறிப்பேட்டின் மேலே எழுதிவிடுவேன். அதற்குக் கீழே ஒரு பக்கத்தை ஒதுக்கி 'சட்டம்' என்று தலைப்புப் போடுவேன். இந்தப் புத்தகத்தில் செத்தவர் எப்படி எழுகிறார், எதைக் கண்டு ஒதுங்குகிறார், எப்படிப் பரவுகிறது, எது தடுக்கும், யார் சொன்னார்கள் என்று பக்க எண்ணோடு குறிப்பேன். 'யார் சொன்னார்கள்' என்பது முக்கியம். ஊர்க்கிழவி சொன்ன விதி பொய்யாகலாம், கதைசொல்லி கண்ணால் கண்டது பொய்யாகக் கூடாது. பேய்க்கதைதானே, என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது நடக்கும், எது நடக்காது என்று வாசகிக்குத் தெரிந்தால்தான் கதவு திறக்கிற சத்தத்துக்கு அர்த்தம் வரும். ஸ்டீபன் கிங்கின் 1975ஆம் வருஷத்து நாவல் 'சேலம்ஸ் லாட்'டில், செத்துப்போன பையன் ஒருவன் ராத்திரி சிநேகிதன் வீட்டு மாடி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று உள்ளே கூப்பிடச் சொல்கிறான். வாம்பயர் அழைக்காமல் உள்ளே வர முடியாது. உள்ளே படுத்திருக்கிற பையன் பேய் பொம்மைகளைச் சேர்க்கிறவன், சட்டம் தெரிந்தவன். அந்தக் காட்சியின் பயம் முழுக்க ஒரே ஒரு விதியின் மேல் நிற்கிறது.

எங்கள் ஆச்சி சொல்வாள்: ராத்திரி யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'என்ன' என்று கேட்கக் கூடாது, மூணாவது தடவை கூப்பிட்டால்தான் திரும்ப வேண்டும், பேய் மூணு தடவை கூப்பிடாது. ரிச்சர்ட் மேத்திசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' படித்தபோது அந்தக் குரல் ஞாபகம் வந்தது. 1954ஆம் வருஷத்து நாவல். நோயில் எல்லோரும் வாம்பயர்களாகிவிட்ட ஊரில் ராபர்ட் நெவில் என்ற ஒருவன் மட்டும் மிச்சம். தினமும் இரவு அவன் வீட்டு வாசலில் நின்று, வெளியே வா நெவில் என்று ஒரு குரல் கூப்பிடும். முன்பு அவனோடு ஒரே காரில் வேலைக்குப் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரனின் குரல். முன்பின் தெரியாத அசுரன் கூப்பிட்டிருந்தால் அந்தப் பயம் வராது.

அந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் வேறு. நெவில் பகலெல்லாம் வேலை பார்க்கிறான். பூண்டை நறுக்கிக் கோத்து மாலையாக்கி ஜன்னல்களில் தொங்கவிடுகிறான், கடைசல் மெஷினில் கட்டையைச் சீவி முளையாக்குகிறான், உடைந்த பலகையைச் சரிசெய்கிறான். அப்புறம் இதற்கெல்லாம் காரணம் என்ன என்று தெரிந்துகொள்ள நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்து, ஒரு மைக்ராஸ்கோப்பையும் தேடிப் பிடித்து, தானாகவே ரத்தத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது, பார்த்ததைச் சொல்லவும் ஆள் கிடையாது. டிப்ளமோ படித்த காலத்தில், முதல் முறை ஃபோகஸ் சரியாக விழுந்து மங்கலான ஊதா நிறத்துக்குள்ளிருந்து செல்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்த நிமிஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்தில் நின்ற தோழியின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். நெவிலுக்குப் பிடித்து இழுக்க ஒரு கை இல்லை. எனக்கு அந்த நாவலின் பயங்கரமே அங்கேதான். மதிப்புரையில் அதைத்தான் எழுதினேன், என் மதிப்புரைகளில் அதிகம் பேர் பேசியதும் அதைப் பற்றித்தான்.

ஆகவே உங்கள் தொழிலைப் புத்தகத்துக்கு வெளியே கழற்றிவைக்காதீர்கள் என்று புதிதாக எழுத வருகிறவர்களிடம் சொல்வேன். வாட்ச்மேன் வேலை பார்க்கிறவருக்குக் காவல் நிற்கும் காட்சியில் தெரிவது எனக்குத் தெரியாது. மேக்ஸ் ப்ரூக்ஸின் 'வேர்ல்ட் வார் இசட்' 2006இல் வந்தது. செத்தவர்களை எழுப்பிக் கடிக்க வைக்கிற ஜாம்பி நோய் உலகம் பூராவும் பரவி ஓய்ந்த பிறகு, பிழைத்தவர்களிடம் ஒவ்வொருவராகப் பேட்டி எடுத்தது போல் எழுதப்பட்ட நாவல். அதில் ஓர் அறுவை சிகிச்சை டாக்டர் பேசுகிறார். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கிய ஓர் இதயம், அதைப் பொருத்திய நோயாளிக்கு நடந்தது. மற்றவர்கள் அதை வேகமாகத் தாண்டியிருப்பார்கள். எங்களிடம் வருகிற ஒவ்வொரு ரத்தப் பையையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறோம். அந்த டாக்டர் பேசப் பேச நான் எழுந்து போய் அன்றைய ரிஜிஸ்டரை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வாம்பயருக்கு 'ரத்தக் காட்டேரி' என்று எழுதிக்கொண்டிருந்தேன். சினிமா விளம்பரத்திலும் பாக்கெட் நாவலிலும் பழகிய சொல். எங்கள் வங்கியில் திருவண்ணாமலை பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு தங்கச்சி இருந்தாள். இதழைப் படித்துவிட்டு, "அக்கா, காட்டேரி எங்க வீட்டு சாமிக்கா. வருஷா வருஷம் படையல் போடுறோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. அன்றோடு அந்தச் சொல்லை விட்டேன். வாம்பயர் என்றே எழுதுகிறேன். ஐரோப்பாவின் பிணத்தையும் நம் காட்டுத் தெய்வத்தையும் ஒரே பெயரில் போட்டால் இரண்டும் கெடும். மறுபக்கமும் இப்படி நடந்திருக்கிறது: ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் விக்கிரமாதித்தன் கதையை ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்தை வாம்பயர் என்று பெயர் மாற்றினார். முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கதை சொல்லி, முடிவில் கேள்வி கேட்கிற நம் வேதாளம் யார் ரத்தத்தையும் குடிக்கவில்லை.

'பயங்கரமாக இருந்தது', 'குலை நடுங்கியது' என்று எழுதுவதையும் சீக்கிரமே நிறுத்திவிட்டேன். அதிலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியாது. இதற்கு வழி காட்டியதும் சார்தான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் படிக்கச் சொன்னார். அச்சம் நாலு வழியாக வரும் என்கிறது அது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வ சக்தி, மிருகம், திருடன், அதிகாரத்தில் இருப்பவன். படித்த அன்றே டிராகுலாவை மறுபடி எடுத்தேன். அவன் செத்தும் சாகாதவன், அணங்கு. ஓநாயாகவும் வௌவாலாகவும் மாறுகிறவன், விலங்கு. ஊரறியாமல் வீடு வாங்கி, ஐம்பது பெட்டி மண்ணைக் கப்பலில் கொண்டுவந்து பல இடங்களில் பதுக்கி, ராத்திரி இடுக்கு வழியாக நுழைகிறவன், கள்வன். அவன் பிரபுவும்கூட. தலைமுறை தலைமுறையாகக் குடிகளை ஆண்டு அவர்கள் ரத்தத்தில் வாழ்ந்தவன், இறை. நாலும் ஒரே ஆளில் கூடியிருக்கின்றன. இந்த நாவல் இத்தனை வருஷம் நிற்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல காரணம் இல்லை.

அதே இடத்தில் இளிவரல் என்றும் ஒன்று வருகிறது. அருவருப்பும் இழிவும் கலந்த உணர்ச்சி. அதற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று நாலு காரணம். பெரும்பாலான ஜாம்பி நாவல்கள் அச்சம் என்று நினைத்துக்கொண்டு இளிவரலைத் தருகின்றன. அழுகிய கை, தொங்கும் தாடை, சீழ். பத்துப் பக்கத்துக்குப் பிறகு அது பழகிப் போகும். எங்கள் வேலையில் முதல் வாரம் ரத்த வாடை குமட்டும், இரண்டாவது மாதம் பக்கத்து அறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம், அது மாதிரி. பயம் அப்படிப் பழகுவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறேன். நூலகப் புத்தகத்தில் பென்சில் படக் கூடாது. அதனால் பழைய லேபிள் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி வைத்துக்கொள்வேன். பயந்த பக்கத்தில் 'அ', அருவருத்த பக்கத்தில் 'இ', கண் கலங்கின பக்கத்தில் 'அழு' என்று எழுதிச் செருகுவேன். முடித்த பிறகு புத்தகத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் போதும். நாற்பது 'இ'யும் இரண்டே இரண்டு 'அ'வும் இருந்தால் என்ன எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த இரண்டு 'அ' எங்கே இருக்கிறது என்று கட்டாயம் பார்ப்பேன். மட்டமான நாவலிலும் அந்த இரண்டு இடம் நன்றாக இருக்கும்.

'அழு' பட்டைகள் அதிகம் விழுந்தது ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' நாவலில். அதில் ஐந்து வயதில் வாம்பயராக்கப்பட்ட கிளாடியா என்று ஒரு குழந்தை. மனசு வளரும், உடம்பு வளராது. படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, எழுத்தாளரின் மகள் 1972இல் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனாள், ஆறு வயது முடியவில்லை. நாவல் வந்தது 1976இல். லுகேமியா குழந்தைகளுக்குப் பிளேட்லெட் பை எடுத்துக் கொடுக்கிறவள் நான். அறை வெப்பத்தில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் அந்தப் பை, ஐந்து நாள்தான் ஆயுசு. அப்பாமார்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த நாவலுக்கு எழுதிய மதிப்புரையை மூன்று தடவை கிழித்தேன். எழுத்தாளரின் வாழ்க்கையை வைத்து நாவலுக்கு விளக்கம் சொல்லிவிட்டால் நாவல் சின்னதாகிவிடுகிறது, சொல்லாமல் விட்டாலும் மனசு கேட்கவில்லை. கடைசியில் கிளாடியாவைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு, முடிவில் தனியாக இரண்டு வரியில் மகளைப் பற்றிச் சொன்னேன்.

முடிவை வெளியே சொல்வது பற்றி ஒரு வார்த்தை. நான் நெவில் கதையின் முடிவைக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அப்போதுதான் அதைப் பாதி படித்திருந்த கல்லூரிப் பெண் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தாள். அன்றிலிருந்து கால்வாசிக்கு மேல் கதையைச் சொல்வதில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய புத்தகமானாலும் சரி, இன்றைக்குத்தான் முதல் பக்கத்தைத் திறக்கிற ஒருத்தி எப்போதும் இருப்பாள்.

இனி ஜாம்பி. இதைப் பற்றி நான் எழுதியதில் பெரிய தவறு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன்.

வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பி, பாலிடெக்னிக் மாணவன், தமிழில் ஒரு ஜாம்பி நாவல் எழுதி நோட்டுப் புத்தகத்தோடு கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நடக்கிற கதை. "எப்படி இருந்தாலும் சொல்லுங்க மேடம்" என்றான். நான் என் வழக்கப்படி சட்டப் பக்கத்தைப் போட்டேன். முதல் அத்தியாயத்தில் ஜாம்பிகள் ஓடுகின்றன, நாலாவதில் படியேறத் தெரியாமல் நிற்கின்றன. ஓரிடத்தில் கடித்த உடனே மாறுகிறார்கள், வேறிடத்தில் ஒரு நாள் ஆகிறது. பதினேழு முரண்களைப் பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்தேன். ஒன்றுகூடத் தப்பான குறிப்பு இல்லை. அவன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

சில மாதம் கழித்து, ஜாம்பி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய் ஹைட்டியைப் பற்றிப் படித்தேன். அங்கே அது தொற்றுநோயும் இல்லை, மூளை தின்கிற பிணமும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் சாகும்வரை உழைத்த தீவு அது. அவர்கள் எதிர்த்துப் போரிட்டு 1804இல் விடுதலை பெற்றார்கள். செத்தாலாவது சொந்த மண்ணுக்குப் போய்ச் சேரலாம் என்பது அடிமையின் நம்பிக்கை. செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்கள் என்பதுதான் ஜாம்பி. ஹைட்டி மக்கள் ஜாம்பி வந்து கடிக்கும் என்று பயப்படவில்லை, தான் ஜாம்பியாகிவிடக் கூடாதே என்று பயந்தார்கள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடியிருக்கிறார் அல்லவா, அதைப் படித்தவர்களுக்கு இந்தப் பயம் அந்நியமாக இருக்காது.

அமெரிக்கா அந்தத் தீவைத் தன் பிடியில் வைத்திருந்த காலத்தில், வில்லியம் சீப்ரூக் என்ற பயணி 1929இல் ஒரு புத்தகம் எழுதினார். வெளியுலகத்துக்கு ஜாம்பியைக் கொண்டு சேர்த்தது அதுதான். அதில் அவர் கேட்டு எழுதிய ஒரு கதை: ஒருவன் பிணங்களை எழுப்பி அமெரிக்கச் சர்க்கரை ஆலைக்காகக் கரும்பு வெட்ட அழைத்துப் போகிறான், கூலியைத் தான் வாங்கிக்கொள்கிறான். அவர்களுக்கு உப்பில்லாத சாப்பாடுதான் போட வேண்டும். ஒரு திருவிழா நாளில் அவன் மனைவி மனமிரங்கி அவர்களைக் கூட்டிப்போய்க் கடலை மிட்டாய் மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுக்கிறாள். அந்தக் கடலையில் உப்புப் போட்டிருக்கிறார்கள். நாக்கில் உப்புப் பட்டதும் தாங்கள் செத்தவர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அலறிக்கொண்டே எழுந்து, தடுக்க யாரும் துணியாதபடி, தங்கள் ஊர் இடுகாட்டை நோக்கி நடந்து போகிறார்கள்.

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கியா?" என்று எங்கள் பக்கம் கேட்பார்கள். சுரணை இல்லையா, மானம் இல்லையா என்று அர்த்தம். உணர்ச்சி செத்தவனை நடைப்பிணம் என்கிறோம். கடலுக்கு அந்தப்புறம் எங்கோ இருக்கிற ஒரு தீவில், வேறு மொழியில், உப்பையும் சுரணையையும் நடக்கிற பிணத்தையும் ஒரே கதையில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த நிமிஷம்தான் தம்பியின் நோட்டுப் புத்தகத்தில் இருந்த ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. மாறிப்போன ஒரு கண்டக்டர். கூட்டத்தோடு கூட்டமாக இழுத்து இழுத்து நடக்கிறார். இடது கை விரல்கள் மட்டும் விரிந்தபடி இருக்கின்றன, விரலிடுக்குகளில் நோட்டுகள் நீளவாக்கில் மடித்துச் செருகியபடியே. முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை, கை மட்டும் மீதிச் சில்லறைக் கணக்கை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த உப்பு இந்தப் பையனின் நோட்டில் இருந்திருக்கிறது. பதினேழு குறிப்பு எழுதிய நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, பட்டைகூடச் செருகியிருந்தேன். பிடித்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றாமல் போய்விட்டது.

அவனுக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூரில் வேலையில் சேர்ந்திருந்தான். நாவலைத் திருத்தி எழுதிவிட்டதாகச் சொல்லி, பொங்கல் லீவுக்கு வந்தபோது டைப் செய்த பிரதியைக் கொடுத்தான். பதினேழு முரணும் சரியாகியிருந்தன. கண்டக்டரைக் காணவில்லை.

"அத யாரும் ஒண்ணும் சொல்லல மேடம். சும்மா கெடக்குன்னு எடுத்துட்டேன்" என்றான். பழைய நோட்டு வீடு மாறினபோது எங்கேயோ போய்விட்டது.

இப்போதெல்லாம் எழுதும்போது குறைகளைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் அந்தப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிற ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, பக்க எண்ணோடு, ஏன் அது உயிரோடு இருக்கிறது என்று எழுதிவிடுகிறேன். 'சட்டம்' பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் 'உப்பு' என்று தலைப்புப் போட்டு அதற்கு இடம் வைத்திருக்கிறேன். செத்தவர்களின் கதையில், செத்தது எதை மறக்கவில்லை என்று தேடுவேன். எதுவும் கிடைக்காத புத்தகமும் உண்டு. அப்போது பக்கத்தைக் காலியாக விட்டு, அதையும் மதிப்புரையில் சொல்வேன்.

தம்பியிடம் அந்தப் பக்கத்தை எனக்கு நினைவிருந்தபடி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பெரிய எழுத்தாளர்களிடம் இருப்பது என்னவோ அது இந்தக் கையில் இருக்கிறது, இதை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை என்றேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தான். அப்புறம் தன் இடது கையை மடியில் வைத்து விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டான்.

"பத்து ரூவா இங்க வரணும் மேடம்" என்று ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவே தொட்டுக் காட்டினான். "அடுத்தது இருபது, அப்புறம் அம்பது. எங்க அப்பா அப்படித்தான் வச்சிருப்பாரு."